வேதாளத்தை வைத்து ஓர் இரவு ஆட்டம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் மூன்று சின்னப் புத்தகங்களாக அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதன்பின் எத்தனையோ பதிப்புகள் வந்தும், பழைய விதிகளே போதும் என்று 'ஓல்ட் ஸ்கூல்' பக்கம் நிற்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் புதிய வீரர் ஒரே வாள்வீச்சில் செத்துப்போகலாம். அதனால் சண்டை போடுவதைவிட பேரம் பேசுவது, ஏமாற்றுவது, ஓடுவது எல்லாம் புத்திசாலித்தனம். நம் பாட்டி கதைகளில் பிழைத்தவர்களும் அப்படித்தான் பிழைத்தார்கள்.

தேவையானவை அதிகமில்லை. நான்கைந்து நண்பர்கள், நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரையிலான பகடைகள், காகிதம், பென்சில், ஒரு விதிநூல். கிறிஸ் கோனர்மேன் எழுதிய 'பேசிக் ஃபேன்டஸி' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்கிறார்கள். விளைவு சந்தேகமாக இருந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும்.

நம் பழங்கதை ஒன்றை இப்படி ஆட வைக்க, முதல் வேலை கதையைத் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கதையில் வரும் பூதத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். இதே ஆட்டத்துக்காக 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ராட்சதனுக்குப் புலித்தலை, கையில் புகைக்குழாய்! மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். அந்த அம்பு ராமாயணத்தில் இல்லை. 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இருந்தது. வேடிக்கையான ராட்சதன்தான், ஆனால் அவனோடு கதை எதுவும் கூட வரவில்லை. ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பது கதையின் நிபந்தனை: இதைச் செய்தால் இது நடக்கும், அதைச் சொன்னால் அது பறிபோகும்.

அந்த வகையில் விக்கிரமாதித்தன் வேதாளம் கதைக்கு இணை கிடையாது. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே அது இருக்கிறது. அதை உரித்துப் பார்த்தால் நான்கே விஷயங்கள்: நடு இரவில் பிணம் கேட்கும் ஒரு துறவி, மரத்தில் தொங்கும் பிணம், அதற்குள் இருந்துகொண்டு கதை சொல்லும் வேதாளம், வாய் திறந்தால் பிணம் திரும்பிப் போய்விடும் என்ற விதி. துறவி பலி கொடுக்க நினைப்பது பிணத்தைச் சுமந்து வரும் ராஜா விக்கிரமாதித்தனைத்தான் என்ற ரகசியம் ஆட்டத்தை நடத்தும் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அடுத்து வரைபடம். ஒரு பக்கத்தில் ஏழெட்டு இடங்கள் போதும்: ஊர் எல்லை, காவலாளி குடில், எரியும் சிதைகள், இடிந்த காளி கோவில், வறண்ட ஆற்றுப்படுகை, முருங்கை மரம், ஆலமரத்தடியில் துறவி கீறிய வட்டம். மரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே இரண்டு வழி வையுங்கள். சிதைகளின் ஊடே போவது குறுக்கு வழி, ஆனால் அங்கே பேய்கள். ஆற்றுப்படுகை சுற்று வழி, அங்கே நரிகள் மட்டும்தான். இரண்டு வழி இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு முடிவெடுக்க எதுவுமே இல்லை.

நேரத்தைக் கண்டிப்பாகக் கணக்கு வையுங்கள். டாம் மோல்ட்வே தொகுத்த 1981 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி ஒரு சுற்று என்பது 10 நிமிடம். தீப்பந்தம் 6 சுற்று எரியும், எண்ணெய் விளக்கு 24 சுற்று. துறவியின் பூஜை முடியவும் 24 சுற்று என்று வைத்துவிடுங்கள். பிணத்தைச் சுமப்பவர் பந்தம் பிடிக்க முடியாது, வாளும் வீச முடியாது. யார் சுமப்பது என்பதிலேயே முதல் சண்டை தொடங்கிவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால் ஏதோ ஒன்று எதிரே வருகிறது.

வருவதெல்லாம் பாய்ந்து தாக்க வேண்டியதில்லை. அதே விதிநூலில் இரண்டு பகடை உருட்டி எதிரியின் மனநிலையைப் பார்க்கும் முறை உண்டு: 2 வந்தால் உடனே தாக்கும், 12 வந்தால் நட்பாகிவிடும், நடுவில் வந்தால் தயங்கும். பழைய ஆட்டத்தின் மிகச் சிறந்த விதி இதுதான் என்பேன். தயங்கி நிற்கும் பேய்க்கு ஓர் ஆசை எழுதி வையுங்கள். மகனிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், இல்லை கொள்ளி வைக்க ஆள் வேண்டும், இப்படி ஏதாவது.

இனி ஆட்டத்தின் இதயம். ஒரே ஒரு சரியான விடை உள்ள விடுகதை வேண்டாம்; விடை தெரியாவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். வேதாளத்தின் கதைகள் வழக்கு மாதிரியானவை. இறந்த பெண்ணின் சாம்பலில் படுத்துக் கிடந்தவன், எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனவன், மந்திரம் கற்று அவளை எழுப்பியவன்: மூவரில் அவளுக்குக் கணவன் யார்? மேஜையில் சத்தம் கிளம்பும். தங்களுக்குள் வாதாடினால் பிணம் போகாது என்று விட்டுவிடுங்கள். யாராவது பாத்திரமாக வேதாளத்துக்குப் பதில் சொன்னால் அது முருங்கை மரம் ஏறிவிடும். பதில் தெரிந்தும் வாய் மூடியிருந்தால் தலை வெடிக்கும் என்பது மூலக் கதை. புது வீரருக்கு அது கொடுமை. நான்முகப் பகடை உருட்டி, அந்த அளவு உயிர்ப்புள்ளியைச் சுமப்பவருக்குக் குறைத்தால் போதும்.

இருபத்துச் சொச்சம் கதைகளும் வேண்டாம், ஓர் இரவுக்கு மூன்று போதும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேதாளம் துறவியைப் பற்றி ஒரு குறிப்பைச் சிந்தட்டும். கடைசியாக, ஒரு தந்தை வேறொரு தாயின் மகளையும், அவர் மகன் அந்தத் தாயையும் மணந்தால் அவர்களின் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்ற கதையைச் சொல்லுங்கள். ராஜாவே மௌனமான இடம் அது. ஆட்டக்காரர்களும் நிஜமாகவே குழம்பினால் வேதாளம் மகிழ்ந்து உண்மையைச் சொல்லிவிடும்.

துறவிக்கு முடிவு எழுதாதீர்கள். அவருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன செய்வார், இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். உங்கள் நண்பர்கள் அவரோடு கூட்டுச் சேரலாம். பிணத்தை ஆற்றில் விட்டுவிட்டு ஊருக்கும் போகலாம். காதில் மெழுகு அடைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொல்வார், நிச்சயம். விதிநூலைப் புரட்டாதீர்கள். நியாயமாகப் பட்டால் ஒத்துக்கொண்டு, அதற்கு ஒரு விலை வையுங்கள்: பின்னால் வரும் நரியின் சத்தமும் கேட்காது.

புதையலுக்கு அலைய வேண்டாம். துறவி ராஜாவுக்குத் தினமும் கொடுத்த பழங்களுக்குள் ரத்தினம் இருந்தது, அவற்றையே கொடுங்கள். 1981 விதியில் ஊருக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசு மதிப்புக்கும் ஓர் அனுபவப் புள்ளி. சாதாரண எதிரியைக் கொன்றால் ஐந்து, பத்துதான் தேறும்.

துறவி சொன்னபடி விழுந்து கும்பிட்டு யாராவது தலையைக் கொடுத்தால் தடுக்காதீர்கள். புதுப் பாத்திரம் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு வெள்ளைத்தாளை அவரிடம் நீட்டுங்கள்.