குதிகால் வலியும் அதிர்வலை சிகிச்சையும்



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில், சிமெண்டுத் தரையில், காலை முதல் மதியம் வரை நின்று வேலை செய்பவர். நான்கு மாதமாக வலது குதிகாலில் வலி. "ஷாக் வைத்தால் சரியாகிவிடும் என்று டவுனில் சொன்னார்கள் டாக்டரம்மா. கம்மலை அடகு வைக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு நாங்கள் சொன்ன பதிலையே இந்த இதழின் பாடமாகத் தருகிறோம். உங்கள் வீட்டிலும் சபையிலும் இதே வலியோடு நடப்பவர்கள் இருக்கக்கூடும்.

வலி எங்கிருந்து வருகிறது?

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லின் நாணைப்போல இது பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. அதிக நேரம் நிற்பது, உடல் எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகுவது ஆகியவற்றால், இந்த நார் எலும்போடு சேரும் இடம் நைந்துபோகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவதுபோல வலிக்கும். சற்று நடந்தால் குறையும். மாலையில் திரும்ப வரும். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது.

எக்ஸ்ரேயில் குதிகாலில் முள்போல எலும்பு வளர்ந்திருப்பதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. முள்ளை எடுத்தால்தான் வலி போகும் என்று எண்ண வேண்டாம்.

ஷாக் என்றால் மின்சாரமா?

இல்லை. உடலில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. இது ஒலியைப் போன்ற அழுத்த அலை. ஜெர்மனியில் விமானங்கள் செய்த டோர்னியர் நிறுவனத்தின் ஆராய்ச்சியிலிருந்து இது பிறந்தது. 1980 பிப்ரவரி 7ஆம் தேதி மியூனிக் நகரில், கத்தியின்றிச் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். பின்னர் எலும்பு, தசைநார் வலிகளுக்கும் இதைப் பயன்படுத்தலாயினர். குதிகால் வலிக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2000ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது.

பல சிகிச்சை நிலையங்களில் உள்ள கருவியில், காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகத் துண்டு குழாய்க்குள் வேகமாக ஓடி முனையில் மோதுகிறது. அந்த மோதலின் அதிர்வு தோலைக் கடந்து நாருக்குச் செல்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று முதல் ஐந்து முறை செய்வார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2,000 அதிர்வுகள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். செய்யும்போது வலிக்கும், சிலருக்குத் தோல் சிவக்கும். பலன் அன்றே தெரியாது. அதற்கு வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

உண்மையில் பலன் உண்டா?

2002இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், பொய்யாகச் செய்த சிகிச்சைக்கும் இதற்கும் வேறுபாடு காணப்படவில்லை. 2008இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அதிர்வலை பெற்றவர்களில் 100க்கு 61 பேர் பன்னிரண்டு வாரத்தில் நல்ல பலன் கண்டனர். பொய்ச் சிகிச்சை பெற்றவர்களிலோ 100க்கு 42 பேர் அதே அளவு தேறினர். ஆகவே கருவியால் மட்டும் கிடைத்த பலன் 100க்கு ஏறக்குறைய 19 பேருக்குத்தான். இது உதவாத கருவியும் அல்ல, அற்புதம் செய்யும் கருவியும் அல்ல.

முதலில் செய்ய வேண்டியவை

பத்தில் எட்டுப் பேருக்கு மேல், எளிய முறைகளாலேயே ஒரு வருடத்திற்குள் தேறிவிடுகிறார்கள். அந்தச் சகோதரிக்கு நாங்கள் கற்றுக் கொடுத்தவை இவை:

1. காலையில் தரையில் கால் வைக்குமுன், வலிக்கும் காலை மற்றக் காலின் தொடைமேல் வைத்து, விரல்களைக் கையால் பின்னோக்கி இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.

2. சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தூக்காமல் கெண்டைக்காலை நீட்ட வேண்டும்.

3. சமையலறைக்குள் செருப்பு போடும் பழக்கம் நமக்கு இல்லை. ஆனால் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பதே பாதி வியாதி. உள்ளே மட்டும் போட ஒரு மெத்தென்ற செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

4. காய் நறுக்கும் வேலையையாவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

இவற்றை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையாதவர்களுக்கே அதிர்வலையைப் பற்றி யோசிக்கிறோம். அப்போதும் பயிற்சியை நிறுத்தக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், அந்த இடத்தில் கட்டியோ சீழோ உள்ளவர்களுக்கும், எலும்பு வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்வதில்லை.

எல்லாக் கால் வலியும் ஒன்றல்ல

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை வைத்து மிதிப்பது நம் கிராம வழக்கம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. வெந்தபின் புண்ணாகி, விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத் தொழுநோயாளரிடம் கண்டார். நோய் நேராக விரல்களை அழுகச் செய்யவில்லை. வலி தெரியாததால் பட்ட காயங்களே அவற்றை அழித்தன. அந்த அறிவிலிருந்து வளர்ந்ததுதான் மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. அது இன்று சர்க்கரை நோயாளரின் பாதங்களையும் காக்கிறது. வலி நமக்குப் பகைவன் மட்டுமல்ல, காவற்காரனும்கூட. எனவே அது என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டறிந்த பின்பே அதை அடக்க முயல வேண்டும்.

அந்தச் சகோதரி மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தார். வலி முழுவதும் போகவில்லை. ஆனால் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நடக்கிறார். சமையலறையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிவிட்டாராம். கம்மல் காதிலேயே இருந்தது.