மூலம் என்று விட்டுவிடாதீர்கள்: நாள்பட்ட குடல் அழற்சி பற்றி மூத்தோருக்கு ஒரு பாடம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு புதிதல்ல. ரப்பர் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் மலேரியாவோடு சேர்ந்து சீதபேதியும் பல உயிர்களை வாங்கியது. தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த மருந்துத் தண்ணீரும், வீட்டில் அரைத்த கொய்யாக் கொழுந்தும், மோரும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த அனுபவத்திலிருந்து ஒரு பழக்கமும் நம்மோடு ஒட்டிக்கொண்டது. வயிற்றால் போனால் "சூடு" என்கிறோம். இரத்தம் வந்தால் "மூலம்" என்கிறோம். பிறகு அதை யாரிடமும் சொல்வதில்லை.

சீதபேதி கிருமியால் வருவது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். மூலத்தில் இரத்தம் சொட்டும், அல்லது மலத்தின் மேல் கோடாகப் படியும். ஆனால் மூலத்தால் வயிற்றுப்போக்கு வராது, உடம்பு இளைக்காது. நான்கு வாரம் கடந்தும் வயிற்றால் போகிறது, மலத்தில் இரத்தமும் சளியும் கலந்திருக்கிறது, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால், அது வேறு நோயாக இருக்கலாம். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

குடலில் நடப்பது என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே வேலை செய்கிறது என்று பொருள். இதைத்தான் அழற்சி என்கிறோம். முள்ளை எடுத்துவிட்டால் ஆறிவிடும். சிலருக்குக் குடலில் முள்ளே இல்லாமல் அழற்சி தொடங்கி, அடங்காமல் நீடிக்கிறது. எதிர்ப்புச் சக்தி தன் குடலையே எதிரியாக எண்ணித் தாக்குவது போன்ற நிலை அது.

இதில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று பெருங்குடல் புண் அழற்சி. இது ஆசனவாய்க்கு அருகில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். குடலின் உட்புறத் தோலில் மட்டும் புண்ணாகும். மற்றொன்று கிரோன் நோய். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் டாக்டர் பர்ரில் கிரோனும் அவருடைய இரண்டு சகாக்களும் இதை விவரித்து எழுதினார்கள். இது குடலின் எந்தப் பகுதியிலும் வரலாம். குடல் சுவர் முழுவதையும் தடிக்கச் செய்து, நாளடைவில் வழியையே சுருக்கிவிடக்கூடும். இரண்டும் தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது.

நம்மவர்களுக்கு ஏன் இந்தப் பாடம்?

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவைச் சுற்றியுள்ள மக்களிடம் இந்நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு இந்நோய் இருந்தது. மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் தனித்தனியே ஏறக்குறைய 7 பேர். இந்தியர்களில் மட்டும் 25 பேர். இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்தியர்களைப் பற்றி 1992இல் வந்த ஆய்வும், பெருங்குடல் புண் அழற்சி இந்துக்களிடமும் சீக்கியர்களிடமும் அங்குள்ள வெள்ளையரைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஒரு லட்சத்தில் 25 என்றால் 4,000 பேரில் ஒருவர். அரிதான நோய்தான். ஆனால் அந்த ஒருவர் நம் பக்கத்து வீட்டில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நமக்கு அதிகம். பரம்பரை இயல்பும், வாழும் சூழலும், குடலில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து இதை உண்டாக்குவதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். மிளகாயைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். காரம் புண்பட்ட வயிற்றை எரிய வைக்கலாம். இந்த நோயை அது உண்டாக்குவதில்லை. வாலிப வயதில்தான் அதிகம் தொடங்கும் என்றாலும், 60 வயதுக்குப் பிறகு முதல் முறையாக வருபவர்களும் உண்டு. "இந்த வயதிலா?" என்று மருத்துவரே யோசிக்கக்கூடும். அதனால்தான் நீங்கள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரே ஒரு சோதனையில் இது தெரிந்துவிடாது. முதலில் மலத்தைச் சோதித்துக் கிருமியோ அமீபாவோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரத்தச் சோதனையில் சோகையும் அழற்சியின் அளவும் தெரியும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் சோதனையும் உண்டு. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்களிலிருந்து இந்தப் புரதம் மலத்தில் கலக்கும். எல்லா இடத்திலும் இது கிடைப்பதில்லை.

சுகாதார கிளினிக்குகளில் 50 முதல் 75 வயது வரையிலானவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் சோதனை அது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. கண்ணாலேயே இரத்தம் பார்த்தவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவரைப் பாருங்கள்.

முடிவைச் சொல்வது கொலோனோஸ்கோபி. விரல் தடிமனுள்ள, வளையும் குழாயின் நுனியில் கேமரா இருக்கும். அதை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்த்து, சிறு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பார்கள். மயக்க மருந்து தருவார்கள். பலர் பயப்படுவது சோதனைக்கு. உண்மையில் சிரமம் அதற்கு முந்திய நாள் குடலைக் கழுவும் மருந்தைக் குடிப்பதில்தான். நீரிழிவு மருந்து, இன்சுலின், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

காசநோயா, கிரோன் நோயா?

மருத்துவர்களையே குழப்பும் இடம் இது. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம், அதாவது வலப்பக்க அடிவயிறு, இரண்டு நோய்க்கும் பிடித்த இடம். வலி, காய்ச்சல், இளைப்பு, கேமராவில் தெரியும் புண் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வைத்தியம் நேர்மாறானது. கிரோன் நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தருவார்கள். காசநோய் உள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவியவர்களில் தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் உண்டு. கேமரா வழியாக எடுத்த துணுக்குகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். இரண்டு நோயிலும் அணுக்கள் திரண்டு முடிச்சுகள் உண்டாகின்றன. காசநோயில் அந்த முடிச்சுகள் பெரியவை. பலவாக, ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும். கிரோன் நோயில் சிறியவை, தனித்தனியாக அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கும். அப்படியும் தெளிவு கிடைக்காதபோது, முதலில் சில மாதம் காசநோய் மருந்து கொடுத்து, மறுபடியும் கேமராவில் பார்க்கும் வழக்கம் உண்டு. புண் ஆறியிருந்தால் அது காசநோய். "ஒரு தடவை பார்த்தும் டாக்டருக்குத் தெரியவில்லையே" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கோ, வீட்டில் கூட இருந்தவருக்கோ எப்போதாவது காசநோய் வந்திருந்தால், 40 வருடத்துக்கு முன்பானாலும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தும், மருந்தை நிறுத்துவதும்

ஒரு காலத்தில் பெருங்குடல் புண் அழற்சி கடுமையாக வந்தால் பிழைப்பது கடினம். 1955இல் இங்கிலாந்து மருத்துவர்கள் டுரூலவ், விட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 210 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களில் 41 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது; வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கே அடங்கியது. இன்றும் நோய் கடுமையாகும்போது ஸ்டீராய்டு தருகிறார்கள். ஆனால் அது தீயை அணைக்கும் தண்ணீர் மாதிரி. தினமும் ஊற்ற முடியாது. நீண்ட நாள் எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மூத்தவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. நாட்டு மருந்து, ஜாமு, மாஜூன் என்று விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்த இரண்டு நாளில் எல்லா வலியும் பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள்.

நோய் அடங்கிய பிறகு திரும்பாமல் காப்பது சல்ஃபாசலசின், மெசலசின் போன்ற மாத்திரைகள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரத்தம் நின்றுவிட்டது, சாப்பாடு பிடிக்கிறது, பிறகு எதற்கு மாத்திரை என்று டப்பாவை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 1973இல் வெளிவந்த ஆய்வு இதையே சோதித்தது. சல்ஃபாசலசினால் நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அதைத் தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்குள், மாற்றப்பட்டவர்களுக்கு நோய் நான்கு மடங்குக்கு மேல் அதிகமாகத் திரும்பியது.

இவை போதாதபோது அசத்தியோப்ரின் தருவார்கள். அதற்கு இரத்த அணுக்களை அடிக்கடி சோதிக்க வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளும் உண்டு. அவற்றைத் தொடங்குமுன் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். பெருங்குடலில் பல வருடமாக அழற்சி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதால், ஏறக்குறைய எட்டு வருடத்துக்குப் பிறகு கேமரா சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்வார்கள். நலமாக இருந்தாலும் அந்தத் தேதிக்குப் போக வேண்டும்.

முழங்கால் வலிக்கு எடுக்கும் டைக்குளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அடங்கிய குடல் நோயைக் கிளப்பிவிடலாம். கடையில் வாங்கிப் போடுமுன் கேளுங்கள். கிரோன் நோயுள்ளவர் புகைத்தால் நோய் மோசமாகும்.

எங்கே போவது, என்ன சொல்வது?

அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்கு முதலில் போகலாம். ரெம்பாவ், ஜெலுபு, பகாவ், போர்ட்டிக்சன் எங்கிருந்தாலும் அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரைப் பார்க்கப் பெரும்பாலும் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். மருத்துவர் இளைஞராக, தமிழ் தெரியாதவராக இருக்கலாம். பெண்களுக்குக் கூச்சம் வருவது இயல்பு. மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். தனியாகப் போனால் மலாயில் "புவாங் ஆயேர் பெசார் பெர்டாரா" என்று சொன்னால் போதும், மலத்தில் இரத்தம் போகிறது என்று புரிந்துகொள்வார். எத்தனை வாரமாக, ஒரு நாளில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து.

ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் இரத்தத்தோடு போகிறது, அதோடு காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருக்கிறது, அல்லது வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது என்றால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 999க்கு அழைத்து, தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன், எந்த வாசல் என்பதையும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் செம்பனைக்குள் வழி தவறுவது அங்கேதான்.