லைன் இல்லாத ஆய்வுகூடத்துக்கும் பைத்தன்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலைக் கணினி ஆய்வுகூடங்களுக்கும், வீட்டில் பழைய மடிக்கணினி வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கும் நிரலாக்கச் சூழலை ஒரே கட்டளையில் அமைத்துக் கொடுக்கும் சிறிய கருவி ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து பராமரித்து வருகிறேன். சி, ஜாவா, பிஎச்பி மூன்றும் அதில் முதலே இருந்தன. ஆசிரியர்கள் கேட்டதோ பைத்தனை. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நிரலாக்கம் பைத்தனில்தான். அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்துக்கோ, 2021 ஆகஸ்ட்டில் தனியாக உருவான வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகிற பிள்ளைக்கு அந்த அடித்தளம் பிறகும் கைகொடுக்கும்.

நீங்களும் இப்படியொரு கருவி எழுதுவதானால், ஜாவாவைச் சேர்ப்பது லேசு. ஒரு கோப்புறையில் இறக்கிப் பாதையைக் காட்டினால் ஓடும். பைத்தன் அப்படியல்ல. உபுண்டுவில் அது ஏற்கெனவே இருக்கிறது, இயங்குதளத்தின் பல வேலைகள் அதை நம்பியே நடக்கின்றன. பாடத்துக்குப் புதிய பதிப்பு வேண்டும் என்று பைத்தன்3 இணைப்பை வேறு பதிப்புக்குத் திருப்பினால், அடுத்த முறை டெர்மினல் சன்னலே திறக்காமல் போகலாம். உபுண்டுவின் பல பதிப்புகளில் அந்தச் சன்னலைத் திறக்கும் கட்டளையும் ஒரு பைத்தன் நிரல்தான்! டெபியன் 12 முதலான பதிப்புகளிலும் அண்மைய உபுண்டுப் பதிப்புகளிலும், பொதிகளை நிறுவும் பிப் கொண்டு இயங்குதளத்தின் பைத்தனுக்குள் எதையும் நிறுவ முயன்றால் அது மறுத்துவிடும். இந்த மறுப்பைத் தாண்டும் கொடியை இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று கருவிக்குள் எழுதிவிடாதீர்கள். அந்தப் பைத்தன் இயங்குதளத்தின் சொத்து. பிள்ளைகளுக்குத் தனிப் பைத்தன், ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர்ச் சூழல் என்று பிரித்துவிடுங்கள்.

தனிப் பைத்தனை எங்கிருந்து எடுப்பது? மூலநிரலிலிருந்து கட்டலாம். ஓபன்எஸ்எஸ்எல் தலைப்புக் கோப்புகள் இல்லாத கணினியிலும் பைத்தன் பிழையின்றிக் கட்டப்பட்டுவிடும். எந்தக் கூறுகள் விடுபட்டன என்பது ஓடிமறையும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு வரியில் வரும். பிறகு துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் அழைப்பார்: "தம்பி, பைத்தன் ஓடுது, ஆனா பிப் ஒண்டையும் இறக்குதில்லை." ஆகவே நிறுவி முடித்ததும் பதிப்பு எண்ணைப் பார்ப்பது போதாது. எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், டிகேஇன்டர் மூன்றையும் இறக்குமதி செய்து பார்க்கச் சொல்லுங்கள். இப்போது நாங்கள் கட்டுவதை விட்டுவிட்டோம். 2024இல் வெளிவந்த யூவி என்ற கருவி பயன்படுத்தும் முன்கட்டிய பைத்தன்களையே எடுக்கிறோம். பழைய கணினியில் கட்டும் நேரமும் மிச்சம்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். எங்கள் ஆய்வுகூடங்கள் பலவற்றில் இணைய லைன் இல்லை, அல்லது ஆசிரியரின் கைபேசி டேட்டாதான் லைன். பத்துக் கணினியும் ஒரே பொதியைத் தனித்தனியே இறக்கினால் அவருடைய காசு கரையும். பொதிகளை ஒருமுறை வீல் எனப்படும் முன்கட்டிய கோப்புகளாக இறக்கிப் பென் டிரைவில் வைத்து, இணையத்தைப் பார்க்காமல் அந்தக் கோப்புறையிலிருந்து மட்டும் நிறுவும்படி பிப்புக்குச் சொல்வதே எங்கள் வழி. வீலின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். எந்தப் பைத்தன் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தச் செயலி என்று அதிலேயே எழுதியிருக்கும். கிளிநொச்சியில் 3.12க்கு இறக்கிய நம்பை நூலகத்தின் வீலை மல்லாவியில் 3.11 இருக்கும் கணினி ஏற்காது. இணையத்திலிருந்து இறக்கும்போது பொருந்தும் வீல் இல்லாவிட்டால் பிப் மூலநிரலை இறக்கிவிடும், ஆய்வுகூடத்தில் அதைக் கட்டப் பார்க்கும். அங்கே அதற்கான கருவிகள் இருக்காது, விளங்காத பிழைதான் மிஞ்சும். வீல் மட்டும் போதும், மூலநிரல் வேண்டாம் என்று முதலிலேயே கட்டுப்படுத்துங்கள். இல்லாத பொதி எதுவென்று அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் பட்டியலில் எழுதி வையுங்கள், கைமாறி வந்த பென் டிரைவை நம்ப முடியாது.

அமைத்து முடித்த மெய்நிகர்ச் சூழலையே படி எடுத்துக் கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். முடியாது. அதன் நிரல்களுக்குள் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும், வேறு பயனர் பெயருள்ள கணினியில் அது செத்த சூழல். வீல்களைக் கொண்டுபோங்கள், சூழலை அங்கேயே உருவாக்குங்கள்.

கரண்டையும் நினைவில் வைத்துத்தான் எழுத வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாடு இது. இறக்கும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் வைத்து, ஹாஷ் சரி என்றபின் பெயர் மாற்றினால் அரைகுறைக் கோப்பு ஒருபோதும் உள்ளே வராது. மெய்நிகர்ச் சூழலுக்கு இந்த வழி சரிவராது, காரணம் மேலே சொன்ன முழுப் பாதைதான். ஆகவே சோதனை எல்லாம் தேறிய பிறகு அதற்குள் ஓர் அடையாளக் கோப்பை எழுதுகிறோம். கருவி மீண்டும் ஓடும்போது அந்தக் கோப்பு இல்லாவிட்டால் சூழலை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஆசிரியர் செய்ய வேண்டியது அதே கட்டளையைத் திரும்ப அடிப்பது மட்டும்.

விண்டோஸில் இரண்டு விஷயம். பைத்தன் நிறுவாத விண்டோஸ் 10இல் பைத்தன் என்று அடித்தால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கும், ஆகவே அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மற்றது தமிழ். குறியாக்கம் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் விண்டோஸ் தன் பழைய குறியாக்கத்தில் படிக்கும், தமிழ் வரி குப்பையாகும் அல்லது நிரல் பிழையோடு நிற்கும். யூடிஎஃப்-8 முறையைச் சூழல் மாறியால் இயக்கிவிடுங்கள். 3.15 பதிப்பிலிருந்து இதுவே இயல்பு, எங்கள் கணினிகளுக்கு அது வர நாளாகும்.

எங்கள் கடைசிச் சோதனையும் தமிழில்தான். ஒரு கோப்பிலிருந்து 'வன்னி' என்ற சொல்லைப் படித்து எழுத்துகளை எண்ணும். பைத்தனின் நீளக் கட்டளை 5 என்கிறது, புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணுவதால். பிள்ளைக்குத் தெரிந்த விடை 3. அந்த விடையைத் தருவது ஓப்பன்-தமிழ் நூலகம், அதனால் அதன் வீலும் எங்கள் அடிப்படைப் பட்டியலில் நம்பைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.