மருதமலை மறையும் தூரம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் விமான சிமுலேட்டரிலிருந்து நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். கோவையில் 23ஆம் ஓடுதளத்திலிருந்து விமானம் எழும்புகிறது. முதல் படத்தில் மலையே இல்லை, வெறும் வெள்ளைச் சுவர். இரண்டாவதில் வெள்ளியங்கிரியின் ஒவ்வொரு மடிப்பும் கத்தியால் கீறியதுபோல் தெரிகிறது. "மெட்டாரில் 9999 என்று இருந்தது. பார்வைத்தூரத்தை 10 கிலோமீட்டர் என்று வைத்தேன், மலை போய்விட்டது. முழுக்கத் திறந்துவிட்டால் பொம்மை மாதிரி இருக்கிறது. எது சரி அக்கா?" என்று கேட்டிருந்தாய்.

இரண்டும் சரியில்லை. ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது என்று உன் கண்ணுக்குப் பட்டதே, அதை விட்டுவிடாதே. அந்த உறுத்தல் வராமலேயே வருடக்கணக்கில் பறந்தவள் நான்.

9999 என்பது 10 கிலோமீட்டர் என்று பொருள்படாது. பத்தோ அதற்கு மேலோ என்றுதான் பொருள். விமானம் ஏறி இறங்க அதற்கு மேல் கணக்கு வேண்டாம் என்பதால் மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கு 12ஆகவும் இருந்திருக்கலாம், 60ஆகவும் இருந்திருக்கலாம். அறிக்கை சொல்லாமல் விட்ட அந்த மிச்சத்தை நீதான் நிரப்ப வேண்டும். அதற்கு உன் வீட்டு மொட்டைமாடி போதும்.

நீ இருக்கும் பீளமேட்டிலிருந்து மருதமலை ஏறக்குறைய 20 கி.மீ., வெள்ளியங்கிரி 40 கி.மீ. இரண்டும் மேற்கே. விமான நிலையத்தில் வானிலை பார்ப்பவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். தூரம் தெரிந்த கோபுரம், தண்ணீர்த் தொட்டி, குன்று என்று அடையாளங்கள் வைத்துக்கொண்டு எது தெரிகிறது, எது மறைந்துவிட்டது என்று குறிப்பார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடியேறு. தேதி, மணி, எந்த மலை, என்ன நிறம், அந்த நேரத்து மெட்டார். ஒரு மாதம் எழுதினால் போதும், 9999 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் எத்தனை விதமான காலைகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

மூட்டத்துக்குள் மலை திடீரென்று காணாமல் போவதில்லை. பின்னால் இருக்கும் வானத்துக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 1924இல் கோஷ்மீடர் என்பவர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். அந்த வேறுபாடு 2 சதவீதத்துக்குக் குறையும் தூரத்தைத்தான் பார்வைத்தூரம் என்கிறோம். பார்வைத்தூரம் 40 கி.மீ. என்று வைத்துக்கொள். வெள்ளியங்கிரி மறையும் விளிம்பில் நிற்கும். பாதித் தூரத்தில் இருக்கும் மருதமலைக்கு மிஞ்சுவது 14 சதவீதம்தான், அதாவது ஒரு வெளிறிய நீல நிழல். பச்சை அங்கே தெரியவே கூடாது. உன் இரண்டாவது படத்தில் வெள்ளியங்கிரி வரை பச்சையாக இருக்கிறது. பொம்மைத்தனம் அதனால்தான் வருகிறது. பார்வைத்தூர ஸ்லைடரை நகர்த்தும்போது கடைசி மலை தெரிகிறதா என்பதோடு விட்டுவிடாதே. நடுவில் இருக்கும் மலையின் நிறத்தைப் பார்.

அடுத்தது உயரம். பலரும் கோட்டைவிடும் இடம் இது. தூசியும் புகையும் ஈரமும் தரையை ஒட்டிய காற்றில்தான் அடைந்து கிடக்கின்றன. மார்கழிக் காலையில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். பானைக்கு மூடி போட்டதுபோல் புகை கீழேயே தங்கிவிடும். வெயில் ஏற ஏற அடுக்கு கலங்கி மேலே வளரும். நண்பகலுக்குப் பிறகு அதன் தலை ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், தரையில் மூட்டம் மெலிந்திருக்கும். அந்தத் தலையைத் தாண்டி விமானம் வெளியே வரும்போது பழுப்பு விளிம்பு ஒன்று கோடு போட்டதுபோல் தெரியும், மேலே வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும். ஆகவே தரையில் வைத்த எண்ணை 35,000 அடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகாதே. அங்கிருந்து அடிவானம் 370 கி.மீ. தள்ளி இருக்கிறது.

மேலிருந்து திரும்பிக் கீழே பார்ப்பதும் தனிக் கதை. அடுக்கு 1 கி.மீ. கனம் என்றால், நேர் கீழே பார்க்கும் கண் 1 கி.மீ. மூட்டத்தைத்தான் கடக்கிறது. 10 பாகைச் சாய்வில் பார்த்தால் கிட்டத்தட்ட 6 கி.மீ. கடக்க வேண்டும். ஊருக்கு நேர் மேலே பறக்கும்போது பளிச்சென்று தெரிந்த ஓடுதளம், சுற்றி வந்து இறங்கத் திரும்பும்போது காணாமல் போவது இதனால்தான். உன் சிமுலேட்டரில் அது காணாமல் போகிறதா என்று சோதித்துப் பார்.

சூரியனையும் கவனி. காலையில் வெயில் உன் முதுகுக்குப் பின்னால், மலை ஓரளவு தெளிவு. மாலையில் அதே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது மூட்டமே ஒளிரத் தொடங்கும், மலை வெறும் உருவரையாக நிற்கும். துகள்கள் ஒளியை முன்பக்கமாகவே அதிகம் சிதறடிக்கின்றன. எல்லாத் திசையிலும் ஒரே சாம்பல் பூசியிருந்தால் உன் அமைப்பில் ஏதோ தவறு. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடைவெளி இரண்டு மூன்று பாகைதான் என்றால் துகள்கள் ஈரம் குடித்து உப்பியிருக்கும், மூட்டம் வெளுக்கும். இடைவெளி பெரிதானால் பழுப்பு. மழை ஓய்ந்த மறுநாள் இரண்டும் இருக்காது. அன்றைக்குத் தாராளமாகத் திறந்துவிடு.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். மெனக்கெட வேண்டும். முதன்முதலாக நான் மூட்டத்தைச் சரியாக வைத்துக் கோவையில் இறங்கியபோது மூன்று தடவையும் தாழ்ந்தே வந்தேன். ஓடுதளத்தின் ஓரத்தில் இறங்கும் கோணத்தைக் காட்டும் நான்கு விளக்குகளும் சிவப்பு. மங்கலான காற்றில் ஓடுதளம் உண்மையைவிடத் தொலைவாகவும் நாம் உயரமாகவும் இருப்பதுபோல் கண் நம்பிவிடும், கை தானாக மூக்கை இறக்கும். தெளிந்த காற்றிலேயே பழகிய எனக்கு அது தெரியாமல் போயிருந்தது.

மூட்டம் இதைவிடப் பெரிதாகவும் ஏமாற்றும். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் விழுந்து அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். இருட்டில், தண்ணீருக்கு மேல், மூட்டத்தில் அவர் திசையுணர்வு இழந்ததாக விசாரணை முடிவு சொன்னது. கண்ணால் பார்த்துப் பறக்க விதி அனுமதித்த இரவுதான் அது. எண் போதுமானதாக இருந்தது, அடிவானம்தான் இல்லை. நாளைக்கு நீ விமானப் பயிற்சிப் பள்ளியில் சேரப்போகிறவள். இப்படி ஓர் இரவை உன் அறையில் அமைத்து, கருவிகளை மட்டும் நம்பித் திரும்பி வரப் பழகு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மாடியேறு. வெள்ளியங்கிரி தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால், மருதமலை என்ன நிறத்தில் இருந்தது என்று எழுது.

அன்புடன்,
அக்கா