எங்கே பூக்கிறது என்று பார்த்து வெட்டுங்கள்

கேள்வி: சேலையூரில் தனி வீடு. வாசலில் காகிதப்பூ, பால்கனி கிரில் முழுக்க ரங்கூன் மல்லி, மாடிப்படி ஓரம் குண்டுமல்லி. என் கணவர் இருந்தவரை அவர்தான் வெட்டிச் சீர்செய்வார். அவர் போனபிறகு யாரும் கைவைக்கவில்லை. ரங்கூன் மல்லி கரண்ட் வயரைத் தொட்டுவிட்டது. குண்டுமல்லி புதராகிவிட்டது, பூவே இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் மகள், அங்கே க்ளெமாட்டிஸ் கொடியைப் பிப்ரவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், நீயும் அப்படியே செய் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் மழைக்கு முன்னால் இப்போதே ஒட்ட வெட்டச் சொல்கிறார். செடி பட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, சேலையூர்

பதில்: பட்டுப்போகாது அம்மா. நீங்கள் சொன்ன மூன்றுமே வெட்டினால் துளிர்க்கிற ஜாதி. பயம் வேண்டியது வயர் விஷயத்தில் மட்டும்தான். அதை முதலில் முடியுங்கள். வயரைத் தொட்டிருக்கும் கொடியை நீங்களோ, கூலிக்கு வரும் ஆளோ தொடவே கூடாது. பச்சைக் கொடியில் மின்சாரம் பாயும். உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்திலோ மின்னகம் நுகர்வோர் சேவை மையத்திலோ சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

உங்கள் மகள் சொன்னது அந்த ஊருக்குச் சரி. ஆனால் அங்கேயும் எல்லா க்ளெமாட்டிஸையும் அப்படி வெட்டுவதில்லை. கோடைக் கடைசியில் புதுத்தண்டில் பூப்பதைத்தான் குளிர் முடியும் நேரத்தில் ஓர் அடி உயரத்துக்குக் குறைப்பார்கள். வசந்தத் தொடக்கத்தில் போன வருடத் தண்டிலேயே பூக்கும் வகையைப் பூ முடிந்த பிறகே தொடுவார்கள். பூ பழைய தண்டில் வருகிறதா, புதுத் துளிரில் வருகிறதா என்று பார்ப்பதுதான் கவாத்தின் அடிப்படை. அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்களுக்குக் கணக்கு குளிர். தாம்பரத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை.

உங்கள் கொடிகள் மூன்றும் புதுத் துளிரில் பூப்பவை. குண்டுமல்லியில் பூ நின்றுபோனதற்குக் காரணமும் அதுதான்: வெட்டாததால் வலுவான புதுத்தண்டு வரவில்லை, இருக்கும் சத்தெல்லாம் பழைய குச்சிகளுக்குப் போகிறது. பூ விவசாயிகள் வருடம் தவறாமல் வெட்டுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவது. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, இரண்டுக்கும் 45 செ.மீ. ஆனால் நம் பக்கம் நவம்பர் கடைசியில் பெரும்பாலும் அடைமழை இருக்கும். வெட்டுவாயில் தண்ணீர் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மழை ஓய்ந்து தொடர்ந்து சில நாள் வெயில் அடிக்கும்வரை பொறுங்கள், டிசம்பர் பாதி தாண்டினாலும் பரவாயில்லை. காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி, ஒன்றோடொன்று உரசும் குச்சி ஆகியவற்றை அடியோடு எடுத்துவிட்டு, மற்றதை முழங்கால் உயரத்தில் நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் இலைகளை உருவிவிட்டு, அடிமண்ணைக் கொத்தி, பத்து கிலோ மக்கிய தொழுவுரம் போடுங்கள். வெயில் ஏறும்போது மொட்டு வைக்கும்.

இப்போது செப்டம்பர். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றில் கிரில் முழுக்க அடர்ந்த கொடி பாய்மரம் போல நின்று, கம்பியைச் சுவரோடு பெயர்த்துவிடும். எனவே ரங்கூன் மல்லியை இந்த மாதமே மூன்றில் ஒரு பங்கு குறைத்து, காற்று உள்ளே புகுந்து போக வழி செய்யுங்கள். ஒட்ட வெட்டுவது மழைக்குப் பிறகு.

ரங்கூன் மல்லியை இழுத்துப் பிடுங்காதீர்கள். இலை உதிர்ந்த பிறகும் அதன் காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, காய்ந்து, கெட்டியான முள்ளாகி நிற்கும். கிரில்லில் மாட்டிக்கொண்டு கொடி ஏறுவது அந்த முள்ளால்தான். இழுத்தால் கை கிழியும், பெயிண்டும் உரியும். உச்சியிலிருந்து ஒரு முழத் துண்டுகளாக நறுக்கி நறுக்கி இறக்குங்கள். எந்த வெட்டும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக விழட்டும். வேரடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளில் வலுவான ஒன்றிரண்டை விட்டு மற்றதை எடுத்துவிடலாம். மழைக்குப் பிறகு இடுப்பளவுக்குக் குறைத்தாலும், அடுத்த கோடையில் வெள்ளையாக மலர்ந்து சிவப்பாக மாறும் கொத்துகள் கிரில்லை நிறைக்கும்.

காகிதப்பூவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூ ஓய்ந்ததும் நீட்டிய கிளைகளைப் பாதியாக்குங்கள், தண்ணீரைக் குறையுங்கள், யூரியா போடாதீர்கள். தடித்த கையுறை கட்டாயம்.

கட்டைவிரலைவிடத் தடிமனான வெட்டுவாய்களுக்குப் போர்டோ பசை பூசுங்கள். நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீர்த்து ஆறவிட்டு, பிறகு இரண்டையும் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ வேண்டும், இரும்பு ஆகாது. கலவையில் ஒரு சுத்தமான இரும்பு ஆணியைச் சிறிது நேரம் போட்டுப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாக் கொடியையும் இப்படி மொட்டையடிக்கக் கூடாது. மனோரஞ்சிதம் பூப்பது கொக்கிபோல் வளைந்த காம்பில். கொக்கியை வழித்துவிட்டால் பூவும் போகும், பற்றி ஏறும் பிடியும் போகும். செங்காந்தள் மழை முடிந்ததும் தானே காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், கிழங்கு உள்ளே உறங்குகிறது. கிழங்கு முதல் விதைவரை அத்தனையும் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

வெட்டத் தொடங்கும் முன் ஒரு கழியால் புதரைத் தட்டுங்கள். ஏரியும் புதர்க்காடும் உள்ள நம் பகுதியில் கொம்பேறிமூக்கன் குடியிருக்கலாம். அது விஷமில்லாத பாம்பு, வழிவிட்டால் போய்விடும். சின்னானோ தேன்சிட்டோ கூடு கட்டி முட்டையிட்டிருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தக் கிளையை விட்டுவையுங்கள்.

வெட்டிய கொடியைத் தெருவோர மழைநீர் வடிகால் பக்கம் குவிக்க வேண்டாம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். துண்டுகளை உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே காயவைத்து மக்கவிடுங்கள். முடியாவிட்டால் இந்த மாதம் வெட்டியதை மாநகராட்சிக் குப்பை வண்டியில், அக்டோபர் பிறக்கும் முன்பே ஏற்றி அனுப்பிவிடுங்கள்.