கைக்கடிகாரம் உங்களைக் காட்டிக்கொடுக்காது

மலையேற்றக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: "ஜிபிஎஸ் வாட்ச் இருந்தா போதும் சார், சிக்னலே இல்லாத காட்டுல தொலைஞ்சாலும் சாட்டிலைட் நம்மள கண்டுபிடிச்சிடும்." வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, கடையில் சொல்கிறார்கள், பொறியியல் படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். மலையேறுவோருக்கு வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது உயிரைக் குடிக்கும் பொய்.

நம்பிக்கை: தொலைந்தவரைச் செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும்.

கண்டுபிடிக்காது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. கடிகாரம் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை வாங்கி, அவை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பதிலுக்கு எதையும் மேலே அனுப்புவதில்லை. வானொலியில் பாட்டுக் கேட்பவர் யார், எங்கே இருக்கிறார் என்பது வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதுபோலத்தான். நீங்கள் நிற்கும் இடம் உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும். தேடி வருபவருக்குத் தெரியாது.

"எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறதே?" என்பார்கள். பெரும்பாலான கடிகாரங்களில் அந்தப் பொத்தான் ப்ளூடூத் வழியே உங்கள் கைபேசியைத்தான் நாடும். கைபேசி டவரை நாடும். சிம் உள்ள கடிகாரத்துக்கும் டவர் வேண்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பக்கூடிய கடிகாரங்கள் 2025இல் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்தன, உண்மைதான். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது சட்டவிரோதம். அப்படிப்பட்ட கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வோர் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: திரும்பும் வழியையாவது காட்டிவிடும்.

நடக்கத் தொடங்கும்போதே பதிவை ஓடவிட்டிருந்தால் காட்டும். வழி தவறிய பிறகு பொத்தானை அழுத்தினால், நடந்து வந்த தடம் அதற்கு எப்படித் தெரியும்? புறப்பட்ட இடத்தை மட்டும் குறித்து வைத்திருந்தால், திசை காட்டும் ஓர் அம்புக்குறி கிடைக்கும். இடையில் இருநூறு அடிப் பள்ளம் இருக்கிறதா, ஓடை இருக்கிறதா என்பது அம்புக்குறிக்குத் தெரியாது. அடர்ந்த சோலைக்காட்டிலும், இருபுறமும் பாறை எழும்பிய பள்ளத்தாக்கிலும் சமிக்ஞை மறைந்தும் எதிரொலித்தும் வருவதால் காட்டும் இடமே தள்ளிப்போகும். ஜிபிஎஸ் ஓட ஓட பேட்டரியும் வேகமாகக் கரையும்.

நம்பிக்கை: கடிகாரத்தின் உயரமானி சொல்வது எப்போதும் சரி.

அது அளப்பது காற்றழுத்தத்தை. உயரம் அதிலிருந்து போடும் கணக்கு. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் தாழ்வான பகுதிகளில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறியதாகக் கடிகாரம் எடுத்துக்கொள்ளும். மழை மேகம் திரண்டு அழுத்தம் இறங்கினால், கூடாரத்துக்குள் படுத்திருப்பவரும் மலை ஏறியதாகக் காட்டும். உயரம் தெரிந்த இடத்தில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், அதுவே போதும்.

நம்பிக்கை: கடிகாரத்தில் '100 மீட்டர்' என்று எழுதியிருந்தால் அதோடு 100 மீட்டர் ஆழம் போகலாம்.

முடியாது. அது சோதனைக்கூடத்தில் தாங்கிய அழுத்தத்தின் அளவு. நீந்தலாம், மழையில் நனையலாம். ஆழ்கடலில் முக்குளிக்க, ஐஎஸ்ஓ 6425 தரம் பெற்றது வேண்டும்.

நம்பிக்கை: கடிகாரம் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தால் இமயமலையில் உயர நோய் வராது.

அந்த எண்ணை நம்பித் தலைவலியையும் வாந்தியையும் அலட்சியம் செய்யாதீர்கள். அறிகுறி தெரிந்தால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். கூடினால் கீழே இறங்குங்கள்.

அப்படியானால் வாங்கலாமா? அடிக்கடி மலைக்குப் போகிறவர், ஓட்டப் பயிற்சி செய்கிறவர், அதிலுள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தவர் என்றால் தாராளமாக வாங்கலாம். உயரமானி, காற்றழுத்தமானி, திசைகாட்டி மூன்றும் உள்ள எளிய கடிகாரமே பெரும்பாலோருக்குப் போதும். மூன்று மணி நேரத்தில் அழுத்தம் மளமளவென்று இறங்கினால் மழைக்கு முன்பே கீழே வந்துவிடலாம். அந்த ஒரு பயனுக்கே விலை தகும். ஆண்டுக்கு ஒருமுறை மலை பார்க்கிறவர் லட்சம் ரூபாயை மணிக்கட்டில் கட்டுவது வீண். அவருக்கு முதலில் நல்ல காலணி வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும்: வரைபடம் படிக்கும் பழக்கம். இந்த நாட்டை முக்கோண அளவையால் அளந்த பெரும்பணி 1802இல் சென்னை பரங்கிமலையருகே அடிப்படைக் கோடு அளந்துதான் தொடங்கியது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு தேர்வோடு மறந்துபோகிறது. புவியியல் ஆசிரியர்களே, ஒரு நாளாவது பிள்ளைகளைப் பக்கத்துக் குன்றுக்கு அழைத்துப்போய், 1:50,000 வரைபடத்தைக் கையில் கொடுத்து நடக்க விடுங்கள். கோடுகள் நெருங்கும் இடத்தில் கால் வலிக்கும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

மலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மூன்று வேலைகள். வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டும் போங்கள். 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024இல் 40 பாதைகளோடு தொடங்கியது. உள்ளூர் வழிகாட்டியை விட்டுப் பிரியாதீர்கள். எந்தப் பாதை, யார் யார், எப்போது திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பாவிட்டால் ஆள் அனுப்பப்போவது அந்தத் தாளைப் படிப்பவர்தான்.