நாளுக்கு ஒரு வடிவம்

அன்புள்ள இளம் பொறியாளருக்கு,

சிவில் முடித்துவிட்டு மாதக்கணக்காக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஊக்கம் ஏதோ நமக்குள் சேமிப்பில் இருப்பது போலவும், மன உறுதி உள்ளவர் அதைக் காப்பாற்றிக்கொள்வார் என்பது போலவும் அந்த அறிவுரை நினைக்கிறது. என் கருத்து வேறு. ஊக்கத்தை நமக்குத் தருவது பெரும்பாலும் வேலைதான். வேலை இல்லாத நாட்களில் அது குறைவது உங்கள் குணத்தின் குறை அல்ல. வேலை என்ன ஏற்பாடுகளால் அதைத் தந்ததோ, அவற்றை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகில் உள்ள மாரியன்தால் என்ற சிற்றூரின் வாழ்வு ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. ஆலை மூடப்பட்டபின் மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கே ஆய்வு நடத்தி 1933இல் நூலாக்கினார்கள். கையில் நேரம் பெருகியிருந்தும், முன்பு வாங்கிய கட்டணத்தை நீக்கியிருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. எழுந்ததற்கும் மதிய உணவுக்கும் இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலை இருந்த பெண்கள் அவர்களைவிட விரைவாக நடந்தார்கள். அதே வறுமைதான் அவர்களுக்கும். ஆனால் அவர்கள் நாளுக்கு ஒரு வடிவம் இருந்தது. கூலியோடு நேர ஒழுங்கு, பிறரோடு பழக்கம், பொதுவான ஒரு நோக்கம், மதிப்பு, செயல் ஆகியவற்றையும் வேலை தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார்.

விண்ணப்பிப்பதே முழுநேர வேலைதானே என்று கேட்பீர்கள். ஆனால் அதில் உங்கள் உழைப்புக்கும் பலனுக்கும் தொடர்பு அறுந்து கிடக்கிறது. 2013இல் க்ராஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ என்ற பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் 100 நகரங்களில் உண்மையான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி, வேலையின்றி இருந்த காலத்தைக் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். இடைவெளி நீண்டபோது நேர்காணல் அழைப்பு குறைந்தது. சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களிலேயே நேர்ந்தது. ஆகவே பதில் வராத விண்ணப்பத்தை உங்கள் திறமைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடைவெளியை வெறுமையாக விடவும் கூடாது. விண்ணப்பத்துக்குக் காலையில் இரண்டு மணி நேரம் போதும். பிறகு தொழிலுக்கு வாருங்கள்: ஒரு சிறிய வீட்டின் வரைபடத்தை எடுத்து, ஐஎஸ் 456ஐப் பக்கத்தில் வைத்து வடிவமைத்து, கம்பி அட்டவணை போட்டு, பொதுப்பணித் துறை விலைப்பட்டியலின்படி முழு எஸ்டிமேட் தயாரியுங்கள். முடிந்தது என்று சொல்லக்கூடிய ஒன்று மாதத்துக்கு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

வீட்டில் பணம் இல்லாதவருக்கு இதெல்லாம் ஏது என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் கிடைக்கும் சம்பளத்துக்குப் போங்கள், சைட்டில் மேற்பார்வையாக இருந்தாலும், கடைக் கணக்காக இருந்தாலும். மாலையில் ஒரு மணி நேரத்தைத் தொழிலுக்கு விட்டுவையுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு மட்டும் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தெரிந்தவர் இருப்பவருக்குத்தானே வேலை? ஓரளவு உண்மைதான். 2007இல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் வெளியிட்ட ஆய்வில், இணையான தகுதி இருந்தும் தலித் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அந்த அநீதியைத் தனிமனித முயற்சி நீக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்தவர் என்றால் நெருங்கிய உறவு என்று பொருளல்ல. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் விசாரித்தபோது, பழக்கத்தால் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் எப்போதாவது சந்திக்கும் மனிதர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு வேறு செய்தி வருகிறது. கல்லூரி சீனியர், பயிற்சிக்குப் போன இடத்து சைட் இன்ஜினியர், ஒருமுறை பேசிய கான்ட்ராக்டர் எல்லோரும் அந்த வகை. அவர்களிடம் வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் போட்ட எஸ்டிமேட்டை அனுப்பி, கம்பிக் கணக்கு சரியா பாருங்கள் சார் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்வது எளிது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல அவர் உங்கள் வேலையைத் திறந்து பார்த்தாக வேண்டும்.